லண்டன பஸ்ல சுத்திப் பாக்கணும்னா எது: டூர் பஸ்ஸா, 15-ஆ, 26-ஆ, 24-ஆ, 139-ஆ?

லண்டனுக்கு ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் போறவங்க எல்லாருக்கும் வர்ற குழப்பம் இது, மேல கூரை இல்லாம ஓடுற அந்த ஹாப் ஆன் ஹாப் ஆஃப் (எங்க வேணா இறங்கி மறுபடி ஏறிக்கலாம்) டூர் பஸ்ல காசு போடலாமா, இல்ல ஊர்க்காரங்க வேலைக்குப் போற சாதா சிவப்பு பஸ்லயே ஏறி மாடில முதல் வரிசை சீட்ட புடிச்சு உக்காந்துட்டா போதுமா. நான் சாதா பஸ் கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா சாதா பஸ்ஸே போதும்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு எந்த நம்பர், எங்க ஏறி எந்தப் பக்கமா போகணும், எத்தன மணிக்குப் போகணும்னு சொல்றதே இல்ல. அது தெரியாம ஏறுனா டிராஃபிக்கும் எதிர்ல நிக்கிற இன்னொரு பஸ்ஸோட பின்பக்கமும்தான் பாப்பீங்க. அதுலயும் திசை ரொம்ப முக்கியம், ஒரே ரோட்டுல ஒரு பக்கமா போனா கண்ணு முன்னாடி கோபுரம் கொஞ்சம் கொஞ்சமா எழும்பி வரும், திரும்பி வர்றப்ப அதே கோபுரம் முதுகுக்குப் பின்னாடி போயிடும்.

காசுக் கணக்க முதல்ல முடிச்சிடுவோம். 2025 நிலவரப்படி சாதா பஸ்ல ஒரு தடவ ஏறுனா 1.75 பவுண்ட், ரெண்டு ஸ்டாப் போனாலும் கடைசி வரைக்கும் போனாலும் அதேதான். முதல் பஸ்ல கார்டு வச்ச நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த பஸ் அதுக்கு அடுத்த பஸ்னு எத்தன மாறுனாலும் மறுபடி காசு எடுக்க மாட்டாங்க, இதுக்கு ஹாப்பர்னு பேரு (2016-ல ஆரம்பிச்சப்ப ஒரு தடவதான் மாறலாம், 2018-ல இருந்து கணக்கில்லாம மாறலாம்னு ஆக்கிட்டாங்க). நாள் முழுக்க பஸ்லயே குடியிருந்தாலும் 5.25 பவுண்டோட நின்னுடும். 11 வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு பஸ்ல டிக்கெட்டே கிடையாது. டூர் பஸ்ல ஒரு நாள் டிக்கெட் கம்பெனியப் பொறுத்து பெரியவங்களுக்கு பொதுவா 30 பவுண்டுக்கு மேல வரும், அப்ப புருஷன் பொண்டாட்டி ரெண்டு சின்னப் பசங்கன்னு போற குடும்பத்துக்கு வித்தியாசம் எவ்ளோனு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க.

ஒரு விஷயம், சாதா பஸ்ல நோட்டு சில்லறையெல்லாம் செல்லாது, 2014 ஜூலையோட நிறுத்திட்டாங்க. காசு ஏத்தி வச்சுக்கற லண்டன் ஆய்ஸ்டர் கார்டோ காண்டாக்ட்லெஸ் பேங்க் கார்டோ போனோ வேணும், ஒரு ஆளுக்கு ஒண்ணு, ஒரே கார்ட வச்சு ரெண்டு பேரு ஏற முடியாது. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியறதில்ல, முதல் பஸ்ல கார்ட வச்சுட்டு அடுத்த பஸ்ல அதே கார்டு போட்டு வச்சிருக்குற போன வச்சீங்கன்னா சிஸ்டம் அத வேற ஆளாத்தான் எடுத்துக்கும், ஹாப்பரும் போச்சு அந்த 5.25 கணக்கும் போச்சு. எதுல ஆரம்பிச்சீங்களோ அன்னிக்கு முழுக்க அதுலயே போங்க. நம்ம நாட்டு கார்டுன்னா வெளிநாட்டுச் செலவுக்கு பேங்க் தனியா ஏதாவது புடிக்குதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, டிக்கெட்ட விட அது அதிகமா இருந்தா ஆய்ஸ்டர் வாங்கி காசு ஏத்திக்கறது மேல்.

டூர் பஸ்ஸ நான் மட்டம் தட்டல, அதுக்குன்னு சில நல்ல விஷயங்கள் இருக்கு. வழில என்ன கட்டடம் என்ன கதைனு ஹெட்போன்லயோ நேர்ல ஆள் வச்சோ சொல்லிட்டே வருவாங்க, சாதா பஸ்ல வர்ற அறிவிப்பு அடுத்த ஸ்டாப் பேரோட முடிஞ்சிடும். கூரை இல்லாததால போட்டோல கண்ணாடிப் பளபளப்பு விழாது. முக்கியமான இடங்கள பாத்துப் பாத்து கோத்து போட்ட ரூட்டு, டவர் பிரிட்ஜ தாண்டும், பாலங்கள மாறி மாறிக் கடக்கும், சாதா பஸ்ல அதுக்கு ரெண்டு மூணு தடவ மாறணும். ஆனா இந்த டிக்கெட்டோட லாபமே இறங்கி ஏறுறதுலதான் இருக்கு, இறங்கிட்டா அடுத்த வண்டிக்கு நிக்கணும், வர்ற வண்டி மாடி நிறைஞ்சு வந்தா கீழ கண்ணாடிக்குள்ளதான் உக்காரணும், அப்படி உக்காந்துட்டா நீங்க குடுத்த காசுல பாதிக்கு அர்த்தமே இல்ல. மழையும் ஒரு பிரச்சின, லண்டன் மழை கொட்டாது, நச நசன்னு நாள் பூரா தூறும், கூரை இல்லாத பஸ்ல அத தாங்கிட்டு உக்காந்திருக்குறவங்களப் பாத்தா பாவமா இருக்கும். டிராஃபிக் மட்டும் ரெண்டு பஸ்ஸுக்கும் பொது, 30 பவுண்ட் குடுத்த பஸ்ஸும் 1.75 பஸ்ஸும் அதே ஸ்ட்ராண்ட் ரோட்டுல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நகராமதான் நிக்கும்.

இனி சாதா பஸ் நம்பர்களுக்கு வருவோம், அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. பழைய கைடுகளையும் பழைய வீடியோக்களையும் நம்பி ரூட்டு போடாதீங்க. எல்லாத்துலயும் 11-ஆம் நம்பர்தான் ராஜா, செல்சில இருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வழியா செயின்ட் பால்ஸ் தேவாலயம் வரைக்கும் ஒரே சீட்டுல போயிடலாம்னு எழுதிருப்பாங்க. 2023 ஏப்ரல் கடைசில அத மாத்திட்டாங்க, இப்ப 11 ஃபுல்ஹாம்ல கிளம்பி வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் தாண்டி வாட்டர்லூல முடிஞ்சிடும், செயின்ட் பால்ஸ் பக்கமே போகாது. அதே மாதிரி 15-ல பழைய ரூட்மாஸ்டர் பஸ், பின்னாடி திறந்த படி வச்சது, ஓடுதுன்னு போட்டிருப்பாங்க, அது 2019 கோடையோட ஓடுறது நின்னுடுச்சு. ஆர்வி1-னு ஆத்தோரமா ஒரு பஸ் இருந்துச்சு, அதுவும் 2019-லயே போயிடுச்சு.

11 விட்டுட்டுப் போன பாதிய இப்ப 26 எடுத்துக்கிச்சு. விக்டோரியால கிளம்பி வெஸ்ட்மின்ஸ்டர் அபே, பார்லிமென்ட் ஸ்கொயர், வைட்ஹால், டிரஃபால்கர் ஸ்கொயர், ஸ்ட்ராண்ட், ஆல்ட்விச், ஃப்ளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால்ஸ், பேங்க் (அது ஒரு சந்திப்போட பேரு), லிவர்பூல் ஸ்ட்ரீட்னு போயி ஷோர்டிச் வழியா ஹாக்னி விக்ல முடியும். முதல் தடவ போறவங்க ஒரே ஒரு பஸ்தான் ஏற முடியும்னு சொன்னா நான் இதத்தான் சொல்லுவேன், அரசாங்கம் இருக்குற வெஸ்ட்மின்ஸ்டரும் பணம் இருக்குற சிட்டியும் (லண்டனோட பழைய நடுப் பகுதிக்குப் பேரே சிட்டிதான்) ஒரே டிக்கெட்டுல வந்துடுது. பார்லிமென்ட் ஸ்கொயர்ல சிலைகள கவனிங்க, சர்ச்சில் ஒரு பக்கம் நிக்கிறாரு, அதே சதுக்கத்துல காந்தி 2015-ல இருந்து நிக்கிறாரு, அரை நிர்வாணப் பக்கிரின்னு திட்டுனவரும் திட்டு வாங்குனவரும் ஒரே புல்தரைக்கு காவல். வைட்ஹால்ல ரோட்டு நடுவுல ஒரு வெள்ளைக் கல் தூண் மாதிரி நிக்கும், அது செனட்டாஃப், முதல் உலகப் போர்ல செத்தவங்களுக்காக 1920-ல கட்டுனது, வடிவமைச்ச லட்யன்ஸ்தான் டெல்லில இந்தியா கேட்டையும் வடிவமைச்சாரு. ஆல்ட்விச் வளைவுல பஸ் திரும்பறப்ப இந்தியா ஹவுஸ் வரும், அதான் நம்ம ஹைகமிஷன்.

இதுல குறைன்னு பாத்தா ரெண்டு. ஒண்ணு, வைட்ஹால்ல நீங்க வடக்கப் பாத்துப் போறீங்க, அதனால பிக் பென் கோபுரம் ஏறுன கொஞ்ச நேரத்துலயே பின்னாடி போயிடும், எதிர்ல நெல்சன் தூண்தான் வரும். ரெண்டு, பேங்க்ல இருந்து வடக்க திரும்பிடறதால லண்டன் டவரும் டவர் பிரிட்ஜும் கிடைக்காது. லிவர்பூல் ஸ்ட்ரீட் தாண்டி நீங்க போக வேண்டியதில்ல, சுவர் ஓவியம் பாக்குற ஆசை இருந்தா மட்டும் ஷோர்டிச்.

அந்த டவர் குறைய தீக்கறதுக்குதான் 15. என்னோட முதல் சாய்ஸ் எதுன்னு கேட்டா, ஒரே பஸ்ஸுங்கற கட்டாயம் இல்லன்னா, இதுதான். டிரஃபால்கர் ஸ்கொயர் பக்கம் சேரிங் கிராஸ்ல கிளம்பும், கிழக்கப் பாத்துப் போகும், கண்டிப்பா கிழக்கப் பாத்துதான் போகணும், எதிர்ப்பக்கமா வந்தீங்கன்னா இந்த ரூட்டோட உயிரே போயிடும். ஏன்னு சொல்றேன். ஸ்ட்ராண்ட் தாண்டி, இடது கைப்பக்கம் கோட்டை மாதிரி ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் வரும், அது முடியற இடத்துல ரோட்டு நடுவுல ஒரு டிராகன் சிலை, அங்கதான் பழைய சிட்டி எல்லை ஆரம்பிக்குது. அப்புறம் ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஒரு காலத்துல பேப்பர் ஆபீஸ் எல்லாம் இங்கதான், இப்ப யாரும் இல்ல, எல்லாரும் 80-கள்ல இருந்து ஒவ்வொருத்தரா காலி பண்ணிட்டாங்க. அது சரிஞ்சு லட்கேட் சர்க்கஸ்ல (இங்க சர்க்கஸ்னா ரோடு சந்திப்பு) இறங்கும், அங்க இருந்து ரோடு மறுபடி மேல ஏறும். அந்த ஏத்தத்துல மாடி முன் சீட்டுல உக்காந்திருந்தா செயின்ட் பால்ஸ் கோபுரம் கண்ணாடி முழுக்க அடைச்சுட்டு வரும், பஸ் மெதுவா போகப் போக அது பெருசாயிட்டே இருக்கும். 1666 தீ விபத்துல பழைய கோயில் எரிஞ்சப்புறம் கிறிஸ்டோபர் ரென் கட்டுனது, உச்சி சிலுவை வரைக்கும் 111 மீட்டர். டூர் பஸ்ல ஹெட்போன் கமெண்ட்ரி என்ன சொன்னாலும் சரி, அந்த ஒரு நிமிஷத்துக்கு எதுவும் சொல்லத் தேவையில்ல.

அதுக்கப்புறம் கேனன் ஸ்ட்ரீட், மான்யுமென்ட். வலது பக்கம் சந்துக்குள்ள ஒரு உயரமான கல் தூண் ஒரு செகண்ட் தெரிஞ்சு மறையும், கவனிக்கலன்னா போச்சு. அதே 1666 தீயோட நினைவுச் சின்னம் அது, 202 அடி உயரம், தீ ஆரம்பிச்ச புட்டிங் லேன் பேக்கரி அந்தத் தூண்ல இருந்து எவ்ளோ தூரமோ அதே அளவு உயரம் வச்சாங்க. அடுத்து டவர் ஹில், லண்டன் டவர் வலது பக்கம் சரிவுல பரந்து கிடக்கும், மதில் சுவருக்கு மேல இருந்து உள்ள பாக்குற மாதிரி இருக்கும், கீழ நடந்து போறவங்களுக்கு இந்த கோணம் கிடைக்காது. அதனால 15-ல முன் சீட் கிடைக்கலன்னா வலது பக்க ஜன்னலப் புடிங்க. டவர்ல இறங்கிடுங்க, அதுக்கு அப்புறம் பிளாக்வால் வரைக்கும் போற கமர்ஷியல் ரோடு சுற்றுலாக்காரங்களுக்கு இல்ல.

இறங்குனதும் 42, 78, 343 இந்த மூணுல எது வந்தாலும் தெற்க போற ஸ்டாப்புல ஏறுங்க, மூணும் டவர் பிரிட்ஜ் மேலயே போகும். பாலத்த மாடில இருந்து பாக்கறது வேற, அந்த நீலக் கம்பிகளும் ரெண்டு கோபுரமும் தலைக்கு மேல வந்து போகும். வலது பக்கம் சிட்டியும் எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலும், இடது பக்கம் ஆறு வளைஞ்சு கேனரி வார்ஃப் பக்கம் போறதும் தெரியும். அந்தப் பக்கம் இறங்கி பாலத்த நடந்தே திரும்பி வாங்க. 1894-ல திறந்தது, இன்னிக்கும் பெரிய படகு வந்தா ரோட்ட ரெண்டா தூக்கிடுவாங்க, வருஷத்துக்கு சுமார் 800 தடவ, எப்ப தூக்குவாங்கன்னு நேரம் முன்னாடியே போட்டிருப்பாங்க, உங்க பஸ் அதுல மாட்டி நின்னா அது லேட் இல்ல, அது அதிர்ஷ்டம்.

இப்ப இது ரெண்டையும் சேத்தா என்ன ஆகும்? விக்டோரியால 26 புடிச்சு செயின்ட் பால்ஸ், அங்க 15-க்கு மாறி டவர், அங்க இருந்து 78 புடிச்சு பாலம். ஞாயிற்றுக்கிழமை காலைல ரோடு காலியா இருக்கறப்ப போனா மூணாவது பஸ்ல கார்டு வைக்கிறது ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்துடும் (கடைசி பஸ்ல ஏறுறதுதான் கணக்கு, இறங்குறது இல்ல), அப்ப மொத்த லண்டனும் 1.75 பவுண்ட். நடுவுல இறங்கி நின்னு போட்டோ எடுத்தா நேரம் தாண்டிடும், தாண்டுனா இன்னொரு 1.75, அதுக்காக ஓடாதீங்க. டூர் பஸ் போற ரூட்டுல முக்கால்வாசி இதுலயே முடிஞ்சிடுது, பக்கிங்ஹாம் அரண்மனை மட்டும் வராது, அத எந்த சாதா பஸ்ஸும் வாசல்ல கொண்டு போய் விடாது, விக்டோரியால இருந்தோ கிரீன் பார்க்ல இருந்தோ நடக்க வேண்டியதுதான்.

24 வேற ரகம். பிம்லிகோக்கும், வடக்க ஹாம்ப்ஸ்டெட் ஹீத்துங்கற பெரிய புல்வெளிக்கும் நடுவுல ஓடுது, 1912-ல இருந்து கிட்டத்தட்ட இதே ரூட்டுதான். 2013-ல புது ரூட்மாஸ்டர் பஸ் முழுசா போட்ட முதல் ரூட்டும் இதுதான். நினைவுச் சின்னம் எண்ணிக்கைல இது 26-கிட்ட தோத்துடும், ஆனா ஊரு எப்படி மாறுதுன்னு பாக்கணும்னா இத விட நல்ல பஸ் கிடையாது. இதுல எல்லாரும் தெற்க இருந்து வடக்கதான் போவாங்க, நான் அத தலைகீழா போங்கன்னு சொல்றேன். காலைல ஓவர்கிரவுண்ட் டிரெயின்ல ஹாம்ப்ஸ்டெட் ஹீத் போயிடுங்க, பார்லிமென்ட் ஹில் மேல ஏறி நின்னா ஷார்டுங்கற உயரமான கண்ணாடிக் கட்டடம், செயின்ட் பால்ஸ் எல்லாம் தூரத்துல தெரியும், அப்புறம் கீழ வந்து சவுத் எண்ட் கிரீன்ல 24 ஏறுங்க. கேம்டன் மார்க்கெட் கூட்டம், அப்புறம் டாட்டன்ஹம் கோர்ட் ரோடு (பிரிட்டிஷ் மியூசியம் போகணும்னா இங்க இறங்கி கொஞ்சம் நடக்கணும், உள்ள போக டிக்கெட் இல்ல), பழைய புத்தகக் கடை இருக்குற சேரிங் கிராஸ் ரோடு, டிரஃபால்கர், கடைசில வைட்ஹால். தெற்கப் பாத்து வர்றதால இப்ப பிக் பென் கோபுரம் உங்களுக்கு நேர் எதிர்ல. 26-ல முதுகுக்குப் பின்னாடி போனது இதுல முன்னாடி வருது. வைட்ஹால்ல வலது பக்கம் குதிரைக் காவலாளிங்க நிக்கிற ஹார்ஸ் கார்ட்ஸ், அடுத்து டவுனிங் ஸ்ட்ரீட் இரும்பு கேட்டு. கோபுரத்துக்கு பேரு 2012-ல இருந்து எலிசபெத் டவர், பிக் பென்னுங்கறது உள்ள இருக்குற மணி, ஆனா அத எல்லாம் பாத்து யாரும் பேசறதில்ல, நானும் பிக் பென்னுதான் சொல்லுவேன். பார்லிமென்ட் ஸ்கொயர்ல இறங்கிடலாம், இல்ல விக்டோரியா வரைக்கும் போயி 26-ல மறுபடி ஆரம்பிக்கலாம்.

139-அ ராத்திரிக்கு வச்சுக்கோங்க. கோல்டர்ஸ் கிரீன்ல இருந்து வாட்டர்லூ, நடுவுல அபே ரோடு, பேக்கர் ஸ்ட்ரீட், ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், ரீஜன்ட் ஸ்ட்ரீட், பிக்கடில்லி சர்க்கஸ், டிரஃபால்கர், வாட்டர்லூ பிரிட்ஜ். 1969-ல பீட்டில்ஸ் நாலு பேரும் நடந்து போட்டோ எடுத்த ஜீப்ரா கிராசிங் அபே ரோட்டுலதான், பஸ் டிரைவர்கள் தினமும் அங்க நடுரோட்டுல போஸ் குடுக்கறவங்களுக்காக நிக்கிறதப் பாத்தா அவங்க பொறுமைக்கு தனியா சம்பளம் குடுக்கலாம். கிரிக்கெட் பைத்தியம்னா அங்க இருந்து லார்ட்ஸ் நடக்குற தூரம்தான். ரீஜன்ட் ஸ்ட்ரீட் வளைவுல பஸ் திரும்புறதும், பிக்கடில்லி சர்க்கஸ் எல்இடி வெளிச்சம் மாடி கண்ணாடில விழறதும் பகல்ல பாதி கூட இருக்காது. முடிவுல வாட்டர்லூ பிரிட்ஜ், தெற்க போறப்ப இடது பக்கம் செயின்ட் பால்ஸ், வலது பக்கம் லண்டன் ஐயும் பார்லிமென்ட்டும், லண்டன்ல பாலத்துல இருந்து பாக்கறதுல எனக்கு இதுதான் முதல் இடம், டவர் பிரிட்ஜுக்கும் மேல. டூர் பஸ்ஸெல்லாம் சாதாரணமா சாயங்காலத்தோட முடிச்சுக்கும், ராத்திரி டூருக்கு தனி டிக்கெட். 139-ம் 24-ம் 24 மணி நேரமும் ஓடும். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அப்ப ரீஜன்ட் ஸ்ட்ரீட் அலங்கார விளக்கு பாக்க இதுதான் பஸ்ஸு, ஆனா அந்த மாசம் சனிக்கிழமை சாயங்காலம் போனா ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்லயே பாதி ராத்திரி ஆயிடும். அந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்ல வண்டிய நிறுத்திட்டு நடக்கறவங்களுக்கு மட்டும் விடற திட்டமும் இருக்கு, அதனால போற நேரத்துக்கு 139 எந்த வழியா போகுதுன்னு ஆப்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

9-அ பத்தி நீட்ட ஒண்ணும் இல்ல. ஆல்ட்விச்ல இருந்து டிரஃபால்கர், பால் மால், கிரீன் பார்க், ஹைட் பார்க் கார்னர், நைட்ஸ்பிரிட்ஜ், ராயல் ஆல்பர்ட் ஹால், கென்சிங்டன் வழியா ஹாமர்ஸ்மித். பணக்கார லண்டன், நிறைய மரம், அழகா இருக்கும், ஆனா கண்ண விரிய வைக்கிற இடம்னு ஒண்ணு கிடையாது. மேற்க போறப்ப வலது பக்கம் உக்காந்தா பார்க் முழுக்க உங்களுக்கு. சயின்ஸ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் போற நாள்ல டியூப்புக்கு (பாதாள ரயில்) பதிலா இதுல போயி ஆல்பர்ட் ஹால்ல இறங்கி நடந்து போங்க, அதுக்காக மட்டும் தனியா ஒரு நாள் ஒதுக்காதீங்க. மாறிப்போன 11-க்கும் ஒரு உபயோகம் இருக்கு, வாட்டர்லூல ஏறி மேற்க வந்தா வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் மேல பார்லிமென்ட் கட்டடம் மொத்தமும் இடது பக்கம் ஆத்த ஒட்டி நீளமா தெரியும். சின்ன தூரம்தான், 139-ல வாட்டர்லூ வந்து இறங்குனவங்க அதே ஹாப்பர்லயே இதப் பாத்துட்டு ரூமுக்குப் போகலாம்.

எத்தன மணிக்குப் போறீங்கங்கறதும் முக்கியம்னு முதல்லயே சொன்னேன் இல்லயா. வாரநாள் காலைல ஒம்பதரை வரைக்கும் ஏறாதீங்க, மாடி முழுக்க வேலைக்குப் போறவங்க, முன் சீட் கிடைக்காது. மூணு மணிக்கு மேல ஸ்கூல் பசங்க. இது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நேரம் உங்களோடது. சிட்டி பகுதி வாரக் கடைசில காத்து வாங்கும், ஆபீஸ் எல்லாம் பூட்டிருக்கும், 15-க்கும் 26-க்கும் அது நல்லது. ஆனா சனிக்கிழமைல வைட்ஹால், டிரஃபால்கர் பக்கம் ஊர்வலம் போராட்டம் எதாவது இருந்துட்டே இருக்கும், அப்ப பஸ்ஸ சுத்தி விட்டுடுவாங்க, இந்த பஸ் டைவர்ஷன்ல போகுதுன்னு ஸ்பீக்கர்ல வந்துச்சுன்னா நீங்க பாக்க வந்த இடமே ரூட்டுல இருக்காது. அதனாலதான் ஞாயிறு காலைனு திரும்பத் திரும்ப சொல்றேன். ஏப்ரல்ல மாரத்தான் நடக்குற ஞாயிறு மட்டும் விதிவிலக்கு, அன்னிக்கு பஸ்ஸ மறந்துடுங்க. டிசம்பர் 25 அன்னிக்கும் மறந்துடுங்க, சிவப்பு பஸ், டியூப் எதுவுமே ஓடாது.

சீட் கிடைக்க ஒரே வழி பஸ் கிளம்புற இடத்துலயே ஏறுறது. 15-க்கு சேரிங் கிராஸ், 26-க்கு விக்டோரியா, 24-க்கு சவுத் எண்ட் கிரீன், மூணுமே அப்படி அமைஞ்சது வசதி. 139-க்கு மட்டும் கோல்டர்ஸ் கிரீன் தூரம், அபே ரோட்டுலயே ஏறிக்கலாம், ராத்திரில மாடி காலியாத்தான் இருக்கும். முன் சீட்டுல ஆள் இருந்தா அடுத்த பஸ்ஸுக்கு நிக்கலாம், இந்த ரூட்டெல்லாம் அடிக்கடி வர்ற ரூட்டு. கோடைல மாடி கண்ணாடிக்குப் பின்னாடி வெயில் நல்லாவே சுடும், குளிர்காலத்துல கண்ணாடி ஆவி புடிச்சு ஒண்ணும் தெரியாது, கைல ஒரு துணி வச்சுக்கோங்க, துடைச்சுட்டே வரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

யாரு எதுல போகணும்? வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறீங்க, அவங்களுக்கு இறங்கி ஏறி மாறுறது கஷ்டம், யாராவது கதை சொன்னா கேட்டுட்டே வருவாங்கன்னா டூர் பஸ்ஸுக்கு காசு குடுங்க, தப்பில்ல, மழை இல்லாத நாளாப் பாத்து. சாதா பஸ்ல மாடிப்படி செங்குத்தா இருக்கும், நீங்க ஏறிட்டிருக்கறப்பவே டிரைவர் வண்டிய எடுத்துடுவாரு, முட்டி வலிக்காரங்களுக்கு அது ஆபத்து, கீழ உக்காந்தா பாதி காட்சி போயிடும். வீல்சேர்னா சாதா பஸ்ல நடு கதவுல சரிவுப் பலகை வரும், இடமும் தனியா இருக்கு, ஆனா கீழ் தளம் மட்டும்தான். கையில அரை நாள்தான் இருக்கு, ஏர்போர்ட் போற வழில ஊரப் பாக்கணும்னா 15-ம் பாலமும், வேற எதையும் யோசிக்காதீங்க, பெட்டிய மட்டும் ஸ்டேஷன் லக்கேஜ் ரூம்ல போட்டுட்டு ஏறுங்க. ஒரு முழு நாள்னா காலைல 26, 15, பாலம், சாயங்காலம் ரூம்ல கொஞ்சம் படுத்துட்டு ராத்திரி 139. ரெண்டாவது தடவ லண்டன் போறவங்க, எல்லா சின்னத்தையும் ஏற்கெனவே பாத்துட்டேன்னு சொல்றவங்க 24 மட்டும் எடுத்துட்டு மீதி நேரம் ஹீத்லயே உக்காந்துடலாம். சின்னப் பசங்களோட போறவங்களுக்கு எந்த நம்பரும் ஒண்ணுதான், அவங்களுக்கு முன் சீட்டு கிடைச்சா போதும், பாத்ரூம் மட்டும் ஏறுறதுக்கு முன்னாடியே போயிட்டு வரச் சொல்லுங்க, லண்டன் பஸ்ல அது கிடையாது.

கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடியே இந்த பஸ் இங்கயே முடியுதுன்னு திடீர்னு அறிவிச்சு இறக்கி விட்டா பதறாதீங்க, பஸ் ரொம்ப லேட்டா ஓடிட்டிருந்தா இப்படி பண்ணுவாங்க, அதே நம்பர் அடுத்த பஸ்ல அதே கார்ட வைங்க, ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா காசு போகாது.